பாடகர் வரிசையில் இரண்டு மாரிகாலம்

இந்த விவகாரம் தொடங்குமுன் ரொறன்ரோச் சைவ மக்களிடையே என் நிலை என்னவாக இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கணிதத்தில் முதல் வகுப்பில் தேறியவன் நான். இலங்கையில் ஒரு கல்லூரியின் உப அதிபராக இருந்து இளைப்பாறியவன். அஜின்கோர்ட்டில் குடியேறிய நாள் முதலாகச் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குச் சமய வகுப்பு எடுத்து வந்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், வாடகைக் களஞ்சியமொன்றில் இயங்கிய எங்கள் சிறு கோயிலின் பரிபாலன சபைக்குத் தலைவர் தேவைப்பட்டபோது, முன்மொழியப்பட்டது என் பெயர் ஒன்றுதான்.

தெரிவுக்கு இரண்டு கிழமை இருக்கையில் சபைச் செயலாளர் தொலைபேசியில் அழைத்தார்.

"ஐயா, ஒரு சின்ன விசயம். நீங்கள் ஜேர்மனியில படிக்கேக்க வேதத்துக்கு மாறினனீங்கள் எண்டு ஒரு கதை உலாவுது. படமும் இருக்கு."

வேதம் என்றால் எங்கள் பேச்சில் கிறிஸ்தவம். கதை எந்த வாயிலிருந்து புறப்பட்டிருக்கும் என்பதை அறிய எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து மூவர் பரிமாற்ற மாணவராக ஜேர்மனியின் ஒரு சிற்றூருக்கு அனுப்பப்பட்டோம். ஒரு பல்கலைக்கழகம், ஒரு பேராலயம், ஏழெட்டு வெதுப்பகங்கள், அவ்வளவுதான் ஊர். என்னோடு வந்த மற்ற இருவரும் பின்னர் கனடாவுக்கே வந்து சேர்ந்தார்கள். ஒருவர் றிச்மண்ட் ஹில்லில் வீடு விற்கும் முகவர். மற்றவர் மன்னாரைச் சேர்ந்த கத்தோலிக்கர். ஒஷாவாவில் கார்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். அவர்களை நான் தேடிப் போனதில்லை. ஒரே கப்பலில் போனவர்கள் எல்லோரும் ஒரே தரத்தவர் ஆகிவிடுவதில்லை.

இப்போது போக வேண்டி வந்தது. இரண்டு பஸ் மாறி, நடைபாதை இல்லாத ஒரு வீதியோரமாக அரை மணி நேரம் நடந்து, முதலில் றிச்மண்ட் ஹில்காரரின் வீட்டை அடைந்தேன். மூன்று கார் நிற்கும் கராஜ். உள்ளே ஒருவரும் தொட்டிராத பியானோ. புத்தகம் என்று பார்த்தால் தொலைபேசி விபரக்கொத்து ஒன்று இருந்தது.

"பாதர் வந்திருக்கிறார், கோப்பி போடும்" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தபடி அவர் கதவைத் திறந்தார். நான் சிரிக்கவில்லை.

புது வீட்டுக் குடிபூரலுக்கு வந்தவர்களுக்குத் தம் பழைய படங்களைக் காட்டிப் பெருமை அடித்திருக்கிறார். அந்த விருந்தினரில் எங்கள் செயலாளரும் ஒருவர். படத்தில் நான் வெள்ளை மேலங்கி அணிந்து, கையில் மெழுகுதிரியோடு, பேராலயப் படிக்கட்டில் நிற்கிறேன். அது நத்தாருக்கு, அதாவது கிறிஸ்து பிறந்த நாளுக்கு, பாடகர் குழு அணியும் உடை. இவரோ அதைக் காட்டி, "உது இவருக்கு ஞானஸ்நானம் நடந்த அண்டு எடுத்தது" என்று சொல்லியிருக்கிறார்.

"ஏன் ஐசே அப்பிடிச் சொன்னனீர்?"

"சும்மா பகிடிக்குத்தான். ஆக்கள் சிரிச்சவை. நீரும் சிரியுமன்."

"செயலாளர் சிரிக்கேல்லை."

"அந்தாள் பிறந்ததிலயிருந்து எதுக்குச் சிரிச்சது?"

அது பொய் என்று சபைக்கு ஒரு கடிதம் எழுதித் தரும்படி கேட்டேன். அவர் கோப்பியை ஊதி ஊதிக் குடித்தார்.

"கடிதமோ? எனக்கென்ன தெரியும்? நான் அங்க கடைசி வரிசை வாங்கில இருந்தனான். முன்னுக்கு உம்மை என்ன செய்தவை எண்டு நான் கண்டனானே?"

மூன்று கராஜ் கதவு வைத்திருப்பவருக்கு ஒரு வரி எழுதும் துணிவு இருக்கவில்லை. பாதிக் கோப்பியை மேசையில் வைத்துவிட்டு எழுந்தேன்.

அடுத்த ஞாயிறு ஒஷாவாவுக்கு ரயிலில் போனேன். மன்னார்க்காரர் ஸ்ரேசனுக்கு வந்திருந்தார். காரின் பின் ஆசனத்தில் ஒரு பெட்டி கருவாடு. அந்த வாசனையுடன்தான் அவரிடம் சாட்சி கேட்கவேண்டி இருந்தது.

"ஞானஸ்நானமோ? உமக்கோ? நான் ரெண்டு வருசமாய்க் கேட்டுப் பாத்தனான், ஐசே. நீர் அடுப்பை விட்டு அசைஞ்சால்தானே."

அது உண்மை. என் வாடகை அறையைச் சூடாக்கும் அடுப்புக்கு வீட்டுக்காரி நாளுக்கு ஒரு வாளி நிலக்கரிதான் தருவாள். பாடகர் குழு பயிலும் மண்டபத்திலோ கிழமைக்கு மூன்று மாலை பெரிய அடுப்பு எரியும். மன்னார்க்காரர்தான் அழைத்துப் போனார். பனி கொட்டிய இரண்டு மாரிகாலம் அங்கே பாடினேன். குளிருக்காகப் போனேன், ஆனால் எதையும் அரைகுறையாகச் செய்யும் வழக்கம் எனக்கு இல்லை.

"சபைக்கு வந்து சொல்லுவீரோ?"

"வாறன். ஞாயிறு பூசை முடிச்சிட்டுத்தான் வருவன். உங்கட ஐயர் உள்ளுக்கு விடுவாரோ?"

தெரிவு நாளன்று பிற்பகல் அவர் சொன்னபடியே வந்தார். கோயிலின் பின்னறையில் சபையார் ஏழு பேர் இருந்தார்கள். அவர்களில் தேவாரம் ஒன்றைப் புத்தகம் பாராமல் முடிக்கக்கூடியவர் இருவர் என்பது என் கணிப்பு. மன்னார்க்காரர் எழுந்து நின்றார்.

"நான் வேதக்காரன். உங்கட கோயிலுக்கு ஆர் தலைவராய் வந்தாலும் எனக்கு ஒரு லாபமுமில்லை. இவருக்கு ஞானஸ்நானம் நடக்கேல்லை. பாடகர் குழுவில நிண்டவர், அது குளிருக்கு."

செயலாளர் பேனாவைத் திறந்தார். "நிண்டவர் சரி. பாடினவரோ?"

"பாடினவர் எண்டு எப்பிடிச் சொல்லுறது? பாட்டு மாஸ்ரர் இவரிட்டச் சொல்லிப்போட்டார், நீ வாயை மட்டும் அசை, சத்தம் மட்டும் வரப்படாது எண்டு. மனுசன் ரெண்டு வருசமும் மீன் மாதிரி வாயசைச்சவர்."

சபை சிரித்தது. செயலாளர்கூடச் சிரித்தார்.

"அப்ப ஒரு சொல்லும் வாயால வரேல்லை. பிரச்சினை முடிஞ்சுது. அப்பிடியே எழுதுறன்."

நான் பேசாமல் இருந்திருந்தால் அன்று மாலையே தலைவர். அது எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஆனால் சபைக் குறிப்பேட்டில், என்னை முன்னால் வைத்துக்கொண்டே, நான் இரண்டு ஆண்டுகள் வெறும் வாயை அசைத்து ஊரை ஏமாற்றினேன் என்று எழுதப்போகிறார்கள். எழுந்தேன்.

"செயலாளர், அப்பிடி எழுதாதேங்கோ. நான் பாடினனான். கீழ்க்குரல். இலத்தீன் முழுதும் பாடமாக்கி, சொல் விடாமல் பாடினனான். தொண்டை கட்டியிருந்த ஒரு நாள் மட்டும் மாஸ்ரர் அடக்கிப் பாடச் சொன்னவர்."

"ஐயா, யோசிச்சுச் சொல்லுங்கோ."

"யோசிச்சுத்தான் சொல்லுறன்."

"அந்தப் பாட்டுகளில அவையின்ர கடவுளின்ர பேர் வருமோ?"

"வேற ஆற்ற பேர் வரும்? அது தேவாலயம்."

எவரும் சிரிக்கவில்லை. மன்னார்க்காரர் என் பக்கம் சாய்ந்து, "உம்மைக் காப்பாத்தத்தானே ஐசே நான் அப்பிடிச் சொன்னனான்" என்று முணுமுணுத்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. வெளியே போகச் சொன்னார்கள். பத்து நிமிடத்தின் பின் கூப்பிட்டு, வேறொருவரைத் தெரிவுசெய்துவிட்டதாக மரியாதையோடு சொன்னார்கள். அவர் பலசரக்குக் கடை முதலாளி. பதவியேற்பு உரையில் திருவாசகத்தைத் தேவாரம் என்றார், சபை கைதட்டியது.

முழங்கால் வருத்தம் காரணமாக நானாகவே விலகிக்கொண்டேன் என்று கோயில் அறிவித்தல் பலகையில் போட்டார்கள். றிச்மண்ட் ஹில்காரர் இன்றும் விருந்துகளில் நான் மதம் மாறியவன் என்கிறார். மன்னார்க்காரர் நான் வாயசைத்தேன் என்கிறார்.

என் முழங்கால்களில் வருத்தம் எதுவும் இல்லை. எனக்கு ஞானஸ்நானம் நடக்கவில்லை. இரண்டு மாரிகாலமும் நான் பாடினேன். பேராலயத்தின் கடைசி வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்டது.