பிடித்தம்

காவலூர்ப் பக்கம் புளி வாங்கப் போகும்போதெல்லாம் என் வண்டியில் மூட்டை ஏற்றிக் கொடுத்தவர் அவர். வற்றிய உடம்பு. ஏதோ ஒரு குவைத் கம்பெனியின் பெயர் மங்கிப்போன நீலச் சட்டை. தலையில் எப்போதும் முண்டாசு. கூலியைக் கையில் வைத்ததும் அதிலிருந்து ஒரு தாளை உருவி என்னிடமே நீட்டுவார்.

"இத புடிச்சிக்கோங்க."

முதல் தடவை, கூலியை அதிகமாகக் கொடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். அடுத்த வாரமும் நீட்டினார். ஏன் என்று கேட்டேன்.

"குவைத்துல மாசாமாசம் சம்பளத்துல புடிச்சாங்க. எங்க மச்சானுக்கு மில்லுல அப்டித்தான் புடிச்சாங்க, அவருக்கு இப்ப பென்சன் வருது. எனக்கும் வரும்னு நெனச்சிகினு இருந்தேன். ஊருக்குக் கெளம்பறப்ப கேட்டா, அது ரூமுக்கும் சோத்துக்கும் புடிச்சதுன்னுட்டாங்க."

"மொதல்லயே கேட்டிருக்கலாமே?"

"இன்னாத்த கேக்கறது? புடிக்கறாங்களேன்னு சந்தோசமா இருந்துட்டேன். கடைசி காலத்துக்கு இருக்குதுன்னு நிம்மதியா தூங்கனேன். இங்க வந்தப்புறம் தூக்கமே இல்லீங்க. நீங்களாவது புடிங்க."

மறுக்க மனம் வரவில்லை. அந்தத் தாள்களை வண்டியிலேயே தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன். புளி சீசன் முடிந்த அன்று டப்பாவோடு எடுத்து நீட்டினேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இரண்டடி தள்ளி நின்றார்.

"இப்பவே இன்னாத்துக்குங்க? வயசானப்புறம் குடுங்க."

சொல்லிவிட்டு முண்டாசை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். தலையில் தேடினாலும் ஒரு கறுப்பு முடி இல்லை.