தராசில் ஏறாத கிடாய்

ஆட்டுக்குப் பூச்சி மருந்து ஊற்றும் துப்பாக்கியை மண்ணெண்ணெயில் கழுவக் கூடாது. இதை என் மச்சினனிடம் எத்தனை தடவை சொன்னேன் என்று கேட்காதீர்கள். அவனுக்கு மோட்டார் பைக் பழுது பார்க்கத் தெரியும். அதனால் உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு பழைய பனியனால் துடைத்தால் போதும் என்று நினைக்கிறவன். துப்பாக்கிக்கு உள்ளே பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் வாஷர் இருக்கிறது. மண்ணெண்ணெய் பட்டால் அது ஊதிப் பருத்து, பிறகு பிய்ந்துவிடும். பிய்ந்த வாஷரோடு அழுத்தினால் பாதி மருந்து ஆட்டு வாய்க்கும் பாதி நம் முழங்கைக்கும் போகும். ஆட்டுக்கு ஊற்றிவிட்டோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். குடலில் உள்ள பூச்சி அப்படி நினைக்காது.

கல்லலுக்கும் நாச்சியாபுரத்துக்கும் நடுவில் எங்களுக்கு ஒரு பட்டி ஆடு இருக்கிறது. நானும் மச்சினனும் கூட்டு. அந்தப் பட்டியில் ஒரு கிடாய் கூட்டில் சேராது. அது என் காலுக்காகச் சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாய்.

பைக்கிலிருந்து விழுந்து என் வலது கால் ஒடிந்தது. கம்பி வைத்துக் கட்டினார்கள். நான் கட்டிலில் கிடந்து வீட்டில் இருந்த எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தேன். அப்போது என் மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், கருப்பர் கோயிலில் போய் வேண்டிக்கொண்டார். மாப்பிள்ளை கோலை வீசிவிட்டு நடந்தால் பங்குனியில் கிடாய் வெட்டுகிறேன் என்று. நான் நடந்துவிட்டேன். அதற்கென்று குட்டியாக வந்தது கொம்பு சுருண்டு, கடலைக்கொடியும் பிண்ணாக்கும் தின்று, பட்டிக்கே தலைவர் மாதிரி ஆகிவிட்டது.

போன மழைக்குப் பிறகு அந்தக் கிடாய் தளர்ந்தது. தாடைக்குக் கீழே நீர்ப்பை மாதிரி வீக்கம். பட்டி கிளம்பினால் முதல் ஆளாகப் போகிற கிடாய் கடைசியில் வந்தது. அத்தை கிடாயைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தார். நேர்ந்துவிட்ட கிடாய் கோயிலுக்குப் போகும் முன்னால் செத்தால், வாங்கிய வரத்தைச் சாமி திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. நான் கொஞ்சம் நொண்டினாலும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. செருப்பு கடித்து நொண்டினேன் என்று சொன்னால் நம்பவும் இல்லை.

கால்நடை மருந்தகத்து டாக்டரம்மா கிடாயின் கண் இமையைப் பிதுக்கிப் பார்த்தார். ரத்தமே இல்லாமல் வெள்ளையாக இருந்தது. பூச்சி மருந்து ஊற்றினீர்களா என்றார். ஊற்றினோம் என்றேன். எத்தனை கிலோவுக்கு என்றார். கண் மதிப்புக்கு என்றேன். கண் மதிப்பு எப்போதும் குறைவாகத்தான் மதிக்கும், எடை போட்டு ஊற்றுங்கள், துப்பாக்கியையும் சரி பாருங்கள் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து துப்பாக்கியில் தண்ணீர் நிரப்பி, மில்லி கோடு போட்ட குவளையில் பத்துத் தடவை அழுத்தினேன். வர வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. மச்சினனைப் பார்த்தேன். அவன் மாடு கட்டப் போய்விட்டான்.

மறுநாள் புதுத் துப்பாக்கி வாங்கக் காரைக்குடிக்குப் போனேன். கடைக்காரர் பளபளவென்று ஒன்றை எடுத்து நீட்டினார். வாஷர் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டேன். இதுக்கெல்லாம் வாஷரே மாத்த வேண்டாம் என்றார். வாஷர் கிடைக்காத துப்பாக்கியைப் பரணில் போடத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவருக்குக் கோபம். எனக்கு அதைவிடக் கோபம். மருந்து நிரம்புவதும் நடுவில் காற்றுக் குமிழி நிற்பதும் வெளியே தெரிகிற மாதிரி கண்ணாடிக் குழல் வேண்டும். வாய்க்குள் போகிற மூக்கு வளைந்து, நுனி மொச்சைக்கொட்டை மாதிரி உருண்டிருக்க வேண்டும். பழையதன் நுனி கூராக இருந்து எத்தனை ஆட்டின் வாயைக் கிழித்தது என்று எனக்குத்தான் தெரியும். எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்து ஒன்றை எடுத்தேன். இரண்டு உபரி வாஷரையும் வாங்கினேன்.

நிலக்கடலை வாங்கி விற்கிற சொந்தக்காரர் ஒருவரிடம் மேடைத் தராசை இரவல் வாங்கி வந்து வாசலில் போட்டேன். கிடாயைப் பிடித்து இழுத்தேன். அத்தை குறுக்கே வந்து நின்றார்.

"அதை ஏத்தாதீக. விலைக்குப் போறதைத்தான் எடை போடுவாக. இது சாமிக்குப் போறது."

"அத்தை, எடை தெரியாம ஊத்தித்தான் இப்படிக் கெடக்கு."

"கெடக்கட்டும். தராசுல ஏத்துனா வித்ததுக்குச் சமம்."

எனக்கு வந்த கோபத்தில் தராசைத் தூக்கிக் கண்மாயில் போட்டிருப்பேன். மச்சினன், கூடுதலாக ஊற்றிவிடலாமே மச்சான் என்றான். எதைவிடக் கூடுதல் என்று கேட்டேன். கிடாய் தலையைத் தொங்கப்போட்டு நின்றது. அத்தை அதையும் என் காலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கேட்டார்.

"மாப்பிள்ளையை எடை போட்டாக் குத்தம் இல்லையே?"

"என்னைய எதுக்கு?"

"நீங்க ஏறி நில்லுங்க. உங்க கையில என்ன இருக்குன்னு தராசுக்கு என்ன தெரியும்?"

மச்சினன் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். தானே தூக்குவதாகச் சொன்னான். யாருக்காக நேர்ந்தோமோ அவர்தான் தூக்க வேண்டும் என்றார் அத்தை. முதலில் நான் மட்டும் ஏறி நின்றேன். பிறகு கிடாயைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு ஏறினேன். கம்பி வைத்த காலை அழுத்தி ஊன்றிக்கொண்டேன். கிடாயின் தாடி என் வாய்க்குள் இருந்தது. அத்தை தராசைப் பார்க்கக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, "எத்தனை காட்டுது, எத்தனை காட்டுது" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கழித்துப் பார்த்தான் மச்சினன். நான் கண்ணால் மதித்ததைவிடப் பத்துக் கிலோவுக்கு மேல் கூடுதல். தெருவில் போன இரண்டு பேர் நின்று, என்னை எவ்வளவுக்குத் தருகிறார்கள் என்று அத்தையிடம் விலை கேட்டார்கள். கழிவு போக என்ன தேறும் என்றார் அத்தை.

அந்த எடைக்குத் துப்பாக்கியில் அளவைத் திருகி வைத்து, காற்றை வெளியேற்றிவிட்டு ஊற்றினேன். தலையை ரொம்ப மேலே தூக்கினால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். வாயின் ஓரமாக விட்டு, நாக்குக்கு மேலே வைத்து, மெதுவாக அழுத்தினேன். கிடாய் விழுங்கிவிட்டு நாக்கைச் சப்புக் கொட்டியது. மற்ற ஆடுகளையும் பெரியது சின்னதாகப் பிரித்து, எடை பார்த்து ஊற்றினோம். வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் நானே துப்பாக்கியைக் கழுவி உலர்த்தி, வாஷருக்கு ஒரு சொட்டு விளக்கெண்ணெய் விட்டேன். மச்சினன் கிட்டே வரவில்லை. வந்திருந்தால் அவனுக்கும் ஒரு அளவு ஊற்றியிருப்பேன்.

தாடை வீக்கம் மெல்ல வற்றியது. அத்தை தினமும் காலையில் பட்டிக்குப் போய் டாக்டரம்மா மாதிரி இமையைப் பிதுக்கிப் பார்த்தார். வெள்ளை போய் வெளிர் ரோஜா நிறமாகி, ஒரு நாள் நல்ல சிவப்பாகிவிட்டது என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் குனிந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். கிடாய் நாலடி பின்னால் போய் ஓடி வந்து முட்டியது. சரியாக அந்தக் காலில். நான் தீவனத் தொட்டிக்குள் உட்கார்ந்துவிட்டேன்.

அத்தை பதறுவார் என்று பார்த்தேன். நான் எழுந்து, ஊன்றி, திட்டிக்கொண்டே அதைத் துரத்தினேன். அது ஓட, நான் ஓட, பட்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டோம். அத்தை பட்டி வாசல் படலைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"விடுங்க மாப்பிள்ளை. ரெண்டு பேருக்கும் கொணமாயிருச்சு."