அண்ணிக்குக் கை விடியும் நேரம்

பூ பறிக்கப் போகும்போது இடுப்பில் மடி கட்டிக்கொள்ள அண்ணியிடம் ஒரு பழைய சீலைத் துண்டு இருந்தது. அதன் இரு முனைகளையும் முடிச்சுப் போட அவரால் முடியாது. "கொஞ்சம் கட்டி வுடு பாப்பா" என்று என் முன் வந்து நிற்பார். விரல்கள் வீங்கி, மரக்கட்டை போல விறைத்திருக்கும்.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் எங்களுக்குக் குண்டுமல்லித் தோட்டம் இருந்தது. வெயில் ஏறும் முன் மொட்டாகவே பறித்துவிட வேண்டும். மலர்ந்துவிட்டால் சந்தையில் விலை கிடையாது. அண்ணியின் கையோ வெயில் ஏறிய பிறகுதான் மடங்கும். "எனக்குக் கை விடிய நேரமாவுது பாப்பா" என்பார். மத்தியானம் அதே கையால் துணி துவைப்பார், மாவாட்டுவார். அதுதான் வினையாகிப்போனது. "மாவாட்டறப்ப வலிக்காத கை, பூப் பறிக்கறப்ப மட்டும் வலிக்குமா?" என்று அம்மா கேட்டாள். அண்ணனுக்கும் அதே கேள்விதான்.

பறிப்பும் வீட்டு வேலையும் முடித்து தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போனால் உச்சி வெயிலாகிவிடும். டாக்டர் கையை மூடித் திறக்கச் சொல்வார். சுலபமாக மூடித் திறக்கும். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார். வலியைக் காட்டப் போன இடத்தில் வலி இருக்காது.

ஒரு நாள் விடியலில் அண்ணி மடித் துணியை எடுக்கவில்லை. "பூ மலர்ந்தா மலரட்டும். நீ என்கூட வா" என்றார். முதல் பஸ் பிடித்தோம். கண்டக்டர் கொடுத்த டிக்கெட் அவர் விரலில் நிற்காமல் கீழே விழுந்தது. அன்றைக்கு ஒரு பெண் டாக்டர் இருந்தார். விரல் கணுக்களை அழுத்தியதும் அண்ணியின் கண்ணில் நீர் வந்தது, முகத்திலோ நிம்மதி. "இப்பப் பாத்தீங்களாங்க?" என்றார்.

இது மூட்டுவாதம் என்றார் டாக்டர். உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது. விடியும் முன் வீக்கத்தையும் விறைப்பையும் அது ஏற்றிவிடும், பொழுது ஏற ஏற இறங்கும் என்று விளக்கினார். "நீங்க பொய் சொல்லலைம்மா. காலைல கைக்கு வேலை கொடுக்காதீங்க."

வீட்டில் அதை அப்படியே சொன்னேன். அம்மா நம்பினாள். பிறகு, "அப்ப பூவ யாரு பறிக்கறது?" என்றாள். குரலில் கோபமே இல்லை. மற்றவர்கள் மட்டும் பறித்தால் வெயிலுக்குள் முடியாது. ஆள் வைத்துப் பறிக்கக் கட்டுப்படியாகாது. மறுநாள் அண்ணியே மடித் துணியோடு வந்து நின்றார்.

அந்த டாக்டர் கொடுத்த மாத்திரையால் வீக்கம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் பறிப்பு பல வருடம் நிற்கவில்லை; அதற்குள் விரல்கள் கோணிப்போயின. இப்போது மல்லியை அழித்து மரவள்ளி வைத்திருக்கிறார்கள். அவரை யாரும் எழுப்புவதில்லை. போன மாதம் அங்கே தங்கியிருந்தபோது விடியலில் சமையலறையில் விளக்கு எரிந்தது. அண்ணி இரண்டு கைகளையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"படுத்துக்கலாமில்ல அண்ணி?"

"உள்ள ஓடுற கடியாரம் எங்க வுடுது" என்றார்.