பாய் கடையில் போட்டுக் காட்டிய கல்யாணக் கேசட்

போன வருஷம் பொங்கல் கழிந்து சில வாரங்கள் இருக்கும். புதுச்சேரி முதலியார்பேட்டையில், எங்கள் தெருமுனை வீடியோ கடையில் நடந்தது இது. இன்றைக்கும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை.

அந்தக் கடையை நடத்தியவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். முதலில் கேசட், பிறகு சிடி, டிவிடி என்று வாடகைக்கு விட்டார். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்ததும் அவர்தான். வீட்டுக்கு ஒரு காப்பி கொடுத்துவிட்டு ஒரிஜினலைக் கடை அலமாரியில் பத்திரமாக வைத்துக்கொள்வார். மழை வெள்ளத்தில் வீட்டிலிருந்த காப்பியைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்த அலமாரிதான் கதி.

பாய் காலமான பிறகு கடை பூட்டியே கிடந்தது. பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் அவருடைய மகள் ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு, "செல்போன் கடைக்கு கேக்கறாங்க, எனக்கு மனசு வரல. நீங்க எல்லாம் சேந்து நடத்தறீங்கன்னா எடுத்துக்கங்க" என்று சாவியைக் கொடுத்தார். தெருக்காரர்கள் கூடிச் சங்கமாகப் பதிவு செய்தோம். தனி ஆளுக்கு லாபம் கிடையாது, கடை ஊருக்குப் பொது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த ஒரு பெரியவரைத் தலைவராகப் போட்டோம். அவரை முசே என்போம், பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம்.

நான் தட்டாஞ்சாவடியில் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறேன். லீவு நாளில் போய் டிவிடிகளைத் துடைத்து அடுக்கினேன். கூடவே நின்று அலமாரிக்குப் பெயின்ட் அடித்தவள் என் தோழி. உப்பளம் ஸ்டேடியம் பக்கம் தள்ளுவண்டியில் இட்லி விற்கிறவள். கடை திறந்ததும் ஞாயிற்றுக்கிழமைதோறும் டிவியில் ஒரு பழைய படம் போட்டோம். ஜனம் வாசல் வரைக்கும் உட்கார்ந்து பார்த்தது.

அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஒருவர் வந்தார். கடற்கரைப் பக்கம் டிசைன் ஆபீஸ் வைத்திருப்பவர். கேசட்டுகளை எல்லாம் இலவசமாகக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன், வெளிநாட்டில் இருந்து பண உதவியும் வாங்கித் தருகிறேன் என்றார். முசேவுக்குத் தலைகால் புரியவில்லை. வந்தவர் சினிமா கேசட்டுகளைத் தொடவே இல்லை. கல்யாணக் கேசட்டுகளை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

அடுத்த மாதம், கம்பெனியில் சாப்பாட்டு நேரம். கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி போனை நீட்டி, "இத பாருக்கா, செம காமெடி" என்றாள். மணவறையில் ஒரு பெண் விம்மி விம்மி அழுகிறாள். அவள் வாய் கோணுவதைத் திரும்பத் திரும்பக் காட்டி, பின்னால் வாத்து கத்துகிற சத்தம் சேர்த்திருந்தார்கள். கீழே ஆயிரம் பேர் சிரித்திருந்தார்கள். நான் அந்த முகத்தையே பார்த்தேன். அது என் தோழி.

அந்தக் கல்யாணத்தில் நான் இருந்தேன், வீடியோ எடுத்தது பாய்தான். மில்லில் வேலை பார்த்த அவள் அப்பா அந்த வாரம்தான் செத்துப்போயிருந்தார். தேதியைத் தள்ளினால் சம்பந்தமே வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் ஒரே பிடியாக நின்றார்கள். ஈரம் காயாத துக்கத்தோடு அவளை மணையில் உட்கார வைத்தார்கள். அந்த அழுகைக்குத்தான் வாத்துச் சத்தம்.

சாயங்காலம் நேராக அவள் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. அவள் மகனுடைய காலேஜ் குரூப்பிலேயே அது வந்திருந்தது. பையன் போர்வையை இழுத்து மூடிப் படுத்துக் கிடந்தான். அவள் மாவு கரைத்துக்கொண்டே, "விடு, என்னா பண்றது" என்றாள். அவள் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் வெறியை ஏற்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கக் கூட்டத்துக்கு அந்தக் கேசட்டோடு வரச் சொல்லி அந்த ஆளை வரவழைத்தோம். கொஞ்சமும் கூச்சம் இல்லாமல் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, அது ஹியூமர். யார் பேரும் போடலயே. நம்ம கடைக்கு எவ்ளோ விளம்பரம் தெரியுமா?" என்றார்.

"கேசட்டு உன் வூட்டுதா? யார கேட்டு போட்ட?" என்றேன். மரியாதை எல்லாம் அப்போதே போய்விட்டது.

முசே நடுவில் புகுந்தார். "கோவப்படாதம்மா. ஏதோ தெரியாம பண்ணிட்டாரு. ஒரு நல்ல காரியம் கெட்டுடப் போவுது." எனக்கு அந்த ஆளைவிட அவர் மேல்தான் ஆத்திரம் பொங்கியது. வெளிநாட்டு உதவிக்காக ஒரு பெண்ணின் மானத்தை விட்டுக் கொடுக்கலாமா?

அதுவரை மூலையில் நின்ற என் தோழி, "அந்த கேசட்ட கொண்டாந்திருக்காரா? போடுங்க. நானே இதுவரைக்கும் பாத்ததில்ல" என்றாள்.

பாயின் மகள் கேசட்டை வாங்கி ப்ளேயரில் போட்டார். அந்த ஆள் போனை எடுத்துக்கொண்டு எழுந்தார். நான் வாசலை மறித்து நின்று, "உக்காந்து பாரு" என்றேன். உட்கார்ந்தார்.

டிவியில் மணவறை தெரிந்தது. மணையில் அவள். பக்கத்தில் ஒரு நாற்காலியில் அவள் அப்பாவின் போட்டோ, புது மாலையோடு. மில்லில் கூட வேலை பார்த்தவர்கள் ஒவ்வொருவராக வந்து முதலில் போட்டோவைக் கும்பிட்டுவிட்டு, பிறகு அவள் தலையில் அட்சதை போடுகிறார்கள். ஒவ்வொருவர் வரும்போதும் அவள் உடைந்து அழுகிறாள். போனில் வந்த வீடியோவில் அந்தப் போட்டோ இல்லை. வேண்டுமென்றே வெட்டியிருந்தார்கள்.

கேசட் முடிந்தது. அந்த ஆள் எழுந்து, முசேவைப் பார்த்து, "சாரி சார்" என்றார்.

"அவருகிட்ட எதுக்கு சொல்ற? அங்க சொல்லு" என்று கத்தினேன். தெருவே திரும்பிப் பார்த்தது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவளிடம் ஏதோ முணுமுணுத்தார்.

அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. "என் புள்ள காலேஜுக்கு போவ மாட்டேங்கறான். அத யாரு சரி பண்றது?" என்றாள்.

அவர் அந்த வீடியோவை எங்கள் கண்ணெதிரே நீக்கினார். ஆனால் அதற்குள் வேறு யார் யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். புகார் கொடுத்தோம், சிலது போனது, சிலது இன்னும் சுற்றுகிறது. அன்றே நானும் பாயின் மகளும் ஆட்டோவில் போய் எல்லாக் கேசட்டுகளையும் திரும்பக் கொண்டுவந்தோம். குடும்பக் கேசட்டுகளை அந்தந்தக் குடும்பத்திடமே ஒப்படைத்தோம். கடையில் இப்போது சினிமா மட்டும்தான். உதவி வரவில்லை, ஆனாலும் கடை ஓடுகிறது. முசே பதவியை விட்டுவிட்டார். சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அவளிடம் மன்னிப்புக் கேட்டார். பையனும் மெல்ல மெல்லக் காலேஜுக்குப் போக ஆரம்பித்தான்.

பழையதைக் கிளறாமல் விட்டுவிடு என்று சிலர் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். அன்று நான் குரலை உயர்த்தாமல் இருந்திருந்தால் அந்தக் கடைக்குள் என் தோழியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவு இருந்திருக்காது. அதனால் இந்தக் கோபம் தணிய வேண்டும் என்று நான் ஒருநாளும் வேண்டிக்கொண்டதில்லை.