இந்த ஜான் எந்தத் தெரு?

பாலவனத்தத்தில் பஸ் நின்றிருந்தபோது பள்ளி வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது: ராமலிங்கம் சார் தவறிவிட்டார். அதன் கீழே கும்பிடும் கைப் படங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. பத்தொன்பது வருடம் ஆசிரியர் அறையில் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். அவர் இங்கிலீஷ், நான் கணக்கு. அந்தக் கைகளோடு என் கையையும் சேர்க்க மனம் வரவில்லை.

அவரை அறிந்தவர்களுக்கு அவருடைய பச்சை நோட்டும் தெரிந்திருக்கும். ‘கெட்’ என்ற ஒரே இங்கிலீஷ் வினைச்சொல்லுக்காக வைத்திருந்த நோட்டு. ஆன், ஆஃப், அப், ஓவர் என்று பின்னால் ஒரு சின்னச் சொல் சேர்ந்தால் அதன் பொருள் எப்படியெல்லாம் மாறுகிறது என்பதற்கு வரிக்கு ஓர் உதாரணம். வீட்டில் கன்னடமும் தெருவில் தமிழுமாக வளர்ந்த அவரை இங்கிலீஷில் அதிகம் படுத்தியது அந்தச் சொல்தானாம். உதாரணத்துக்கு ஒரே நிபந்தனை, அது நம் பக்கத்தில் உண்மையாக நடந்திருக்க வேண்டும். ஜான் வருகிற பாடப்புத்தக வாக்கியத்தைக் காட்டினால், “இந்த ஜான் எந்தத் தெரு, டீச்சர்?” என்பார். ஒருமுறை பந்தல்குடியில் வெங்காய லாரி கவிழ்ந்து வழி அடைபட்டதால், பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தோம். மறுநாள் அது ‘கெட் ஆஃப்’ ஆகிக் கரும்பலகைக்கு வந்துவிட்டது.

அதே கரும்பலகைக்கு நானும் வந்தேன். ‘கெட் அலாங்’, ஒத்துப்போதல். ‘நம் கணக்கு டீச்சர் அண்ணனோடு ஒத்துப்போவதில்லை’ என்று எழுதிவிட்டார். எங்கள் இருவர் நிலத்துக்கும் பொதுவான கிணற்றில் யார் எந்த நாள் மோட்டார் போடுவது என்று எனக்கும் எம்.ரெட்டியபட்டியில் இருக்கும் என் அண்ணனுக்கும் மனத்தாங்கல். அதைச் சாரிடம் புலம்பியவள் நான்தான். முன்பெஞ்சில் அண்ணன் மகள் இருந்ததை மனுஷர் யோசிக்கவில்லை. மறுநாள் அண்ணன் பள்ளி வாசலில் நின்றார்.

“வீட்டு விஷயத்தைப் போர்டுல எழுதிப் போடுற அளவுக்கு வந்துட்டியா? இனி என் வாசலை மிதிக்காத.”

நாலு வருடம் மிதிக்கவில்லை. அண்ணன் மகள் சடங்குக்குக்கூட எனக்கு அழைப்பில்லை. அன்று அழுதேன்.

சாரோடு ஒரு பருவம் முழுக்கப் பேசவில்லை. அவர் இரண்டு தடவை பஸ் ஏறிப் போய் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. “நடந்ததைத்தான் எழுதுனேன். நடந்ததெல்லாம் எழுதக் கூடாதுன்னு அம்பது வயசுல தெரியுது, டீச்சர்” என்று டீயை என் மேசையில் வைத்தார். குடித்தேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனபோது அவர் மனைவி நோட்டை என் கையில் கொடுத்தார்கள். “உங்க பேரு இருக்கு, பாருங்க.” ‘கெட் அலாங்’ வரி அடிக்கப்பட்டிருந்தது. கடைசிப் பக்கத்தில் ‘கெட் ஓவர், மனக்கசப்பைக் கடந்துவருதல்.’ அதற்கு நேரே என் பெயர், அண்ணன் பெயர். வாக்கியம் இல்லை. பென்சிலில், ‘நடந்த பிறகு எழுத வேண்டும்’ என்று மட்டும் இருந்தது. நோட்டு முழுக்க வெற்றாக விட்டிருந்த இடம் அது ஒன்றுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எம்.ரெட்டியபட்டிக்குப் போனேன். அண்ணன் வரப்பில் நின்றிருந்தார்.

“இரு. மோட்டாரை நிப்பாட்டிட்டு வாரேன்.”

அவ்வளவுதான் பேசினோம், மிச்சப் பேச்சுக்குப் பதிலாகச் சாப்பிட்டோம். நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது. அந்த இடத்தை இன்னும் நிரப்பவில்லை. பாதிதான் நடந்திருக்கிறது. பாதி நடந்ததை எழுதச் சார் ஒத்துக்கொள்ள மாட்டார்.