வைக்கிங்குகளுக்குக் காயச் சான்று எழுதிய மேரி சிஸ்டர்

திங்கட்கிழமை காலை மேரி சிஸ்டரின் எண்ணிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. முந்தின நாள்தான் வைக்கிங் தொடரின் புதிய பாகம் வெளியாகியிருந்தது. சிஸ்டர் என்ன சொல்லப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்த நேரம். வழக்கம்போல, கேட்பதற்கு முன்பே நாலைந்து பேர், நம் குழுவில் பாராட்டுக்குப் போடும் கோடாரிப் படத்தைப் போட்டுவிட்டோம். "செம வெட்டு சிஸ்டர்" என்று திண்டிவனத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் போஸ் எழுதினான். அதற்கப்புறம்தான் கேட்டோம். பேசியது சிஸ்டர் அல்ல, அவர் மகள் ஸ்டெல்லா. "அம்மா தவறிட்டாங்க. டூட்டிக்குப் போய்க்கினு இருக்க சொல்ல பஸ்லயே நெஞ்சு வலி. விக்கிரவாண்டி டோல்கேட்டு தாண்டல."

போட்ட கோடாரிகளை ஒவ்வொருவராக அழித்தோம். போஸ் மட்டும் அழிக்கவில்லை. "அவங்களுக்குப் புடிச்சதுதானே, இருக்கட்டும்" என்றான். எனக்கு அவன்மேல் ஆத்திரமாக வந்தது. எனக்கு யார்மேல்தான் ஆத்திரம் வரவில்லை?

குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஆரோக்கியமேரி விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நர்ஸ். திண்டிவனத்தில் வீடு. வெட்டுப்பட்டு ஓர் ஆள் வந்தால் அங்கே எல்லாவற்றையும் எழுதியாக வேண்டும். காயம் எங்கே, நீளம், ஆழம், என்ன ஆயுதம், தாக்கியவர் தெரிந்தவரா தெரியாதவரா, அழைத்து வந்தவர் யார், கடைசியாக அது சாதாரணக் காயமா கொடுங்காயமா. டாக்டர் எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து, அந்தப் பழக்கத்தை சிஸ்டர் தொடருக்கும் கொண்டுவந்துவிட்டார். ஒவ்வொரு எபிசோடு முடிந்ததும் சிறந்த வெட்டு எது என்று நாம் அடித்துக்கொள்வோம். சிஸ்டர் ஒரு பழைய நோட்டில் சான்று எழுதி, அதைப் படித்து அனுப்புவார்.

"வலது தோளு. கோடாரி. நாலு விரக்கட ஆழம், எலும்பு ரெண்டா போச்சு. கொடுங்காயம். ஆறு மாசத்துக்கு சோத்துல கை வெக்க முடியாது. இவன் இன்னாடான்னா அடுத்த சீன்ல துடுப்பு போட்டுக்கினு இருக்கான்!"

முதல் தொடரின் தலைவன் செத்து, அவன் பேரன்கள் தலையெடுப்பதுதான் இந்த இரண்டாவது தொடர். குழுவில் பாதிப் பேருக்கு அது பிடிக்கவில்லை. "தாத்தன் கால்தூசிக்கு ஆவானுங்களா இவனுங்க? பல்லப் பாருய்யா, பேஸ்ட்டு வெளம்பரத்துக்கு வந்தவன் மாதிரி" என்று போஸ் புலம்புவான். சிஸ்டரோ அந்தப் பேரன்களின் கட்சி. "மொத சீரியல்ல கண்ணு காணாத ஊருக்குப் போயி வெட்டுனானுங்க. இதுல பங்காளிங்களே வெட்டிக்கிறானுங்க. எங்க வார்டுக்கு வர்றது முக்காவாசி இந்தக் கேசுதான்" என்பார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து, மடியில் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, கொட்டி உரித்துக்கொண்டே தலைகள் உருளுவதைப் பார்க்கிற பெண்மணி அவர். ரத்தக் காட்சி எதையும் ஓட்டிவிடமாட்டார். ஆனால் ஒன்று சொல்வார்: "சீரியல்ல வெட்டு வாங்குனவன் வசனம் பேசுவான். வார்டுல வெட்டு வாங்குனவன் தண்ணி கேப்பான்."

நான் அவரை முதலில் பார்த்தது அந்த வார்டில்தான். திருவெண்ணெய்நல்லூர் பக்கம் எங்கள் ஊர். பங்காளிகளுக்குப் பொதுவில் ஒரு கிணறு. கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சும் முறையில் என் தம்பி வேலுவுக்கும் பெரியப்பா மகன் ராமமூர்த்திக்கும் வாய்ச்சண்டை முற்றி, ஒரு பகல் பொழுதில் ராமமூர்த்தி அரிவாளை வீசிவிட்டான். வேலுவின் இடது கை முழங்கைக்குக் கீழே தோலில் தொங்கிக்கொண்டிருந்தது. விழுப்புரத்தில் என் ஸ்பேர்பார்ட்ஸ் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். தம்பி அரை மயக்கத்தில் கிடந்தான். கட்டிலுக்குக் கீழே ரத்தம் குட்டையாகத் தேங்கியிருந்தது. ஒரு நர்ஸ் முழு எடையையும் போட்டு அந்தக் கையை அழுத்திக்கொண்டிருந்தார். டாக்டர் எங்கே என்று கத்தி, அவர் தோளைப் பிடித்துத் தள்ளினேன். அவர் அசையவே இல்லை. "திட்றதுன்னா அப்புறமா திட்டு. இப்ப இந்தக் கால புடி, ஒதறுறாரு" என்றார். பிடித்துக்கொண்டேன். அந்த நர்ஸ்தான் மேரி சிஸ்டர், பின்னால் என்னை இந்தக் குழுவில் சேர்த்தவர்.

கை போய்விட்டது. உயிர் மிஞ்சியது. அழைத்து வந்தவர் யாரோ, சேலையைக் கிழித்து மேல்கையில் இறுக்கிக் கட்டியிருந்தார். அது இல்லாவிட்டால் பத்து நிமிஷம் தாங்கியிருக்கமாட்டான் என்று டாக்டர் சொன்னார். பதிவின் நகல் கைக்கு வந்தபோது 'அழைத்து வந்தவர்: தனலட்சுமி' என்றிருந்தது. அப்படி யாரையும் எங்களுக்குத் தெரியாது. வழியில் போன புண்ணியவதி யாரோ என்று நினைத்தோம். அம்மா அந்தப் பெயருக்கு மேல்மலையனூரில் அர்ச்சனை செய்தாள். என்றைக்காவது கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டுமென்று ஒரு பட்டுச்சேலையும் எடுத்து வைத்தாள்.

ராமமூர்த்தி ஜெயிலுக்குப் போய் ஜாமீனில் வந்தான். வழக்கு வாய்தா வாய்தாவாக நகர்ந்தது. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவன் யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். வீட்டில் என் தம்பி ஒற்றைக் கையால் வேட்டி கட்டத் தெரியாமல் அழுதுகொண்டிருந்தான். மறுநாளே அரிவாள் ஒன்றைத் தீட்டக் கொடுத்தேன். "இன்னா, கரும்புக்கா?" என்று கொல்லர் கேட்டார். ஆமாம் என்றேன். அதைச் சாக்கில் சுற்றி ஸ்கூட்டர் பெட்டியில் போட்டுக்கொண்டு ஐந்து மாதம் திரிந்தேன்.

அந்த நாட்களில்தான் குழுவில் என் விமர்சனங்களுக்கு ஏக வரவேற்பு. தொடரில் மூத்த பேரனின் தம்பியைப் பங்காளி ஒருவன் கொன்றுவிடுகிறான். அண்ணன் பழிவாங்கக் கிளம்புகிறான். "ஏன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாய்? குடலை உருவு, கப்பல் கயிறாகக் கட்டு" என்றெல்லாம் எழுதினேன். நீங்கள் கோடாரி கோடாரியாகக் குவித்தீர்கள். சிஸ்டர் ஒருவர் மட்டும் என் பதிவுகளுக்கு ஒரு தடவைகூடப் போட்டதில்லை. எனக்கு அது உறுத்தியது, ஆனால் கேட்கவில்லை.

அந்தப் பாகத்தின் கடைசி எபிசோடை எல்லோரும் சேர்ந்து பார்க்கலாம் என்று சிஸ்டர் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். ஆறு பேர் போனோம். கோழிக்குழம்பு கொதிக்கும் வாசனை வீடு முழுக்க இருந்தது. கடற்கரையில் பங்காளி அகப்பட்டுக்கொள்கிறான். கையில் ஆயுதம் இல்லை, மண்டி போட்டிருக்கிறான். அண்ணன் கோடாரியை ஓங்குகிறான். நான் எழுந்து நின்றுவிட்டேன். "இன்னாடா பாக்குற? கழுத்துல போடு! போடு!" கோடாரி இறங்கியது, தலை ஈர மணலில் உருண்டது. எல்லோரும் விசிலடித்தார்கள். "இன்னொண்ணு போடு!" என்று நான் மட்டும் கத்திக்கொண்டே இருந்தேன்.

சிஸ்டர் ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினார். எல்லோரையும் கொஞ்ச நேரம் வெளியே நிற்கச் சொன்னார். அன்று அவர் ஏன் உங்களை வெளியே அனுப்பினார் என்று போஸ் பல தடவை என்னைக் கேட்டிருக்கிறான். இதுதான் பதில்.

"ஏழுமல, உன் வண்டில சாக்குல சுத்தி வச்சிக்கினு சுத்துறியே, அத்த எடுத்தாந்து இங்க வை."

அதற்கு முந்தின வாரம் நான் அவரை பஸ் ஸ்டாண்டுக்கு ஏற்றிப்போனபோது, தன் பையை வைக்கப் பெட்டியைத் திறந்திருக்கிறார்.

"அது கரும்புக்கு சிஸ்டர்."

"உன் கடைல கரும்பா வெளையுது?"

எடுத்து வந்து வைத்தேன். நோட்டைப் பிரித்து, பேனாவைத் திறந்தார். "சர்டிபிகேட்டு எழுதணும், சொல்லு. பேரு ராமமூர்த்தி. காயம் எங்க?"

எனக்கு வெறி ஏறியிருந்தது. "கழுத்துல. ஒரே வெட்டு."

"ஒரே வெட்டுல முடியாது. நான் பாத்ததே இல்ல. ரெண்டாவதுக்கு அவன் கைய தூக்குவான், வெரலுங்க போவும். மூணாவது தாடையில உழும், பல்லு தெறிக்கும். மூச்சு குழா வழியா கொறட்ட மாதிரி சத்தம் வரும். அரை மணி நேரம் வரும். எழுதிக்கிறேன்." எழுதினார். "தாக்கியவர், தெரிஞ்சவரு." அதையும் எழுதினார். "கூட்டியார்றது யாரு?"

"அவன் பொண்டாட்டி கூட்டியாரட்டும்" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். "ஆமா, அவதான் கூட்டியாருவா. உன் தம்பியையும் அவதான் கூட்டியாந்தா."

எங்கள் பக்கத்தில் மருமகளாக வருகிறவளைப் பிறந்த ஊர்ப் பெயரால் கூப்பிடுவது வழக்கம். ராமமூர்த்தியின் மனைவி எங்களுக்குக் கண்டமங்கலத்தா. பதினாலு வருஷமாக அடுத்த வாசலில் இருக்கிறவள். அவளுக்கு வேறொரு பெயர் இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. அன்று அவள் புருஷனுக்குச் சோறு கொண்டுபோயிருக்கிறாள். அரிவாளோடு அவன் எதிரே ஓடிவந்து அவளைத் தாண்டிப் போயிருக்கிறான். அவள் கிணற்றடிக்கு ஓடி, சேலையைக் கிழித்துக் கட்டி, ரோட்டில் போன வெளியூர் லோடு வண்டியை மறித்து, என் தம்பி தலையை மடியில் போட்டுக்கொண்டு விழுப்புரம் வந்திருக்கிறாள். "நாந்தான்னு தெரிஞ்சா அவரு என்னியும் வெட்டிடுவாரு, சொல்லிடாதீங்க" என்று சிஸ்டரின் கையைப் பிடித்துக் கெஞ்சிவிட்டு, நான் வந்து சேர்வதற்குள் போய்விட்டாள்.

"ரெண்டு வருசம் காப்பாத்துன வாக்க இன்னிக்கி ஒடச்சிட்டேன்" என்றார் சிஸ்டர். நோட்டை மூடினார். "பாவசங்கீர்த்தனத்துல சாமியாருகிட்ட சொல்லிக்கிறேன். நீ போயி அவ தாலிய அறுக்கறதுன்னா அறு."

எனக்கு நன்றி வரவில்லை. கோபம்தான் வந்தது. "எங்கிட்ட மறச்சிட்டீங்களே!" என்று கத்தினேன். டீப்பாயை உதைத்தேன். தட்டும் மல்லாட்டைத் தோலும் சிதறின. அரிவாளை அங்கேயே விட்டுவிட்டு, சாப்பிடாமல் கிளம்பினேன். பாதி வழியில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தேன். அதன் பிறகு ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் எனக்கு மட்டும் ஒரு படம் அனுப்பினார். இரண்டாகப் பிளந்த பலாப்பழம், பக்கத்தில் என் அரிவாள். "பண்ருட்டி பழம். நல்லா அறுக்குது" என்று எழுதியிருந்தார். கடையில் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். சிரிப்பு நின்றதும் அழுகை வந்தது, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன்.

திண்டிவனத்துக் கல்லறையில் சிஸ்டரை இறக்கியபோது, நர்ஸுகளுக்கு நடுவே கண்டமங்கலத்தா நின்றிருந்தாள். பக்கத்தில் போய் "அண்ணி" என்றேன். அரிவாள் விழுந்த நாளுக்குப் பிறகு அந்தச் சொல் என் வாயில் வந்ததில்லை. "சிஸ்டரு மாசா மாசம் போன் பண்ணுவாங்க தம்பி. நான் உசுரோட இருக்கேனான்னு கேக்க" என்றாள். வேலுவைக் கூட்டிப்போனது தான்தான் என்று கணவனிடம் அவளே சொல்லிவிட்டாளாம். "ரெண்டு அற உட்டாரு. அப்பறம் சாப்புடாம படுத்துக்கினாரு. அவ்ளோதான்."

விழுப்புரம் வரை இருவரும் பஸ்ஸில் வந்தோம். ஊருக்குப் போகும் வண்டி போய்விட்டிருந்ததால் அங்கே நிறுத்தியிருந்த என் ஸ்கூட்டரில் அவளை ஏற்றிக்கொண்டேன். சிஸ்டரைப் பற்றி எழுதப்போகிறேன், பெயர் போடலாமா என்று கேட்டேன். "போடுங்க. என் பேர யாரு படிச்சாங்க இதுவரைக்கும்" என்றாள்.

ராமமூர்த்தி வாசலில் நின்றிருந்தான். சட்டை இல்லை, தோளில் துண்டு. கழுத்து தெரிந்தது. என் கை ஹேண்டில்பாரை விடவில்லை.

"பஸ்ஸு இல்லியா?" என்றான், என்னைப் பார்க்காமல்.

"போயிடுச்சி" என்றேன்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பதினாலு வருசமா அவ பேர கேக்கலியேடா" என்றாள். பிறகு பட்டுச்சேலையை எடுத்துக்கொண்டு, வேலுவையும் கூட்டிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனாள். நான் போகவில்லை. என்னால் முடியவில்லை.

மேரி சிஸ்டர் எனக்கு விட்டுவிட்டுப் போனது, நான் வெட்டாத ஒரு மனிதன். ஊருக்குப் போகும்போதெல்லாம் அவனைப் பார்க்கிறேன். இருமிக்கொண்டே மோட்டார் போடப் போகிறான், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறான், யாரோடோ சிரிக்கிறான். பார்க்கும்போது இன்னமும் எனக்கு வயிறு எரிகிறது. எரியட்டும்.