பெட்டிக்குள் போன கசகசா

பிலோமினாவின் மகள் வினோலியாவுக்குத் துபாயில் பேறுகாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வரவேண்டியவள், ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு வர முடியாது என்றுவிட்டாள். அவளும் அம்மாவைப் போல நர்ஸ்தான். மாப்பிள்ளை மைக்கேலுக்கு அங்கே கப்பல் பழுதுபார்க்கும் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. வேறு வழியில்லாமல் பிலோமினாவே பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். நாட்டைத் தாண்டிப் போவது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து நர்ஸிங் படிக்க டெல்லிக்கு ரயிலேறியவள் அவள். படிப்பு முடிந்ததும் அங்கேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த அகஸ்டினோடு கல்யாணம் நடந்தது. மயூர் விஹாரில் ஒரு ஹவுசிங் சொசைட்டி ஃபிளாட்டும் வாங்கினார்கள். ரிட்டயர் ஆகும்போது அவள் ஆபரேஷன் வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர். போதை தரும் வலிமருந்தான மார்ஃபின் ஊசி வைத்திருக்கும் அலமாரிச் சாவி அவளிடம்தான் இருக்கும். ஒரு ஆம்பூல் குப்பி கைதவறி உடைந்துபோனால் அந்தக் கண்ணாடித் துண்டைக்கூட இன்னொருவரிடம் காட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவாள். போலீஸ், கோர்ட் என்று எதன் வாசலையும் மிதிக்காமல் டெல்லியில் இத்தனை வருஷத்தை ஓட்டியவள்.

பெட்டி கட்டும் வேலை நாள் கணக்கில் இழுத்தது. சுக்கும் மிளகும் திப்பிலியும் இடித்த பேறுகால மருந்துப் பொடி, கருப்பட்டி, நெத்திலிக் கருவாடு, பிள்ளைக்குப் போட நன்றாகத் துவைத்து மெத்தென்றாக்கிய பருத்தித் துணிகள். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பொட்டலம் கசகசா. எப்போதோ போனில் பேசும்போது வினோலியா சொல்லியிருந்தாள்: "என்னதான் குருமா வச்சாலும் நம்ம வீட்டு ருசி வரமாட்டேங்குதும்மா. இங்க கசகசாவே கிடைக்கிறதில்ல." பிலோமினா அதை மனதில் முடிந்துவைத்திருந்தாள். சொல்லாமல் கொண்டுபோய் நீட்டினால் பிள்ளைத்தாய்ச்சிப் பெண் எவ்வளவு சந்தோஷப்படுவாள்! அகஸ்டின் முழங்கால் வலியோடு ஐ.என்.ஏ. மார்க்கெட் வரை போய், புதுச் சரக்காகப் பார்த்து அரைக் கிலோ வாங்கிவந்தார்.

விமான நிலையத்தில் எல்லாம் சுலபமாகவே நடந்தது. பெட்டியை எடைபோட்டு வாங்கிக்கொண்டார்கள். குடியேற்ற அதிகாரி பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார். விமானம் ஏறும் வாசலுக்கு எதிரே ஒரு நாற்காலி பார்த்து உட்கார்ந்து, பத்திரமாக உள்ளே வந்துவிட்டதாக அகஸ்டினுக்குப் போன் செய்தாள். பக்கத்தில் இருந்த இளைஞன் அவள் பேசி முடிக்கும் வரை காத்திருந்து, "ஆன்ட்டி தமிழா?" என்றான்.

பெயர் ஐயப்பன். ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். பிறந்து வளர்ந்தது ஜனக்புரியில். லீவு முடிந்து திரும்புகிறான்.

"பேறுகாலத்துக்குப் போறேன் தம்பி. மகளுக்கு இது தலைப்பிள்ளை" என்றாள் பிலோமினா.

"அச்சா! அப்ப பெட்டி ஃபுல்லா மருந்தும் மசாலாவும்தான்னு சொல்லுங்க."

"பின்ன? பெத்தவ வெறுங்கையோடயா போவா?" பெருமையாக ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கசகசா என்றதும் அவன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

"கசகசாவா? எங்க ஆன்ட்டி, கைப்பையிலயா?"

"பெட்டியில போட்டாச்சு. ஏன்?"

ஐயப்பன் இரண்டு பக்கமும் பார்த்தான். "மெதுவா பேசுங்க. அங்க அது மசாலா சாமான் இல்ல. ட்ரக்ஸ் கணக்கு."

"என்ன தம்பி சொல்லுத?"

"அபின் செடி விதைதான அது? கொண்டுபோனா புடிச்சு உள்ள வச்சிருவாங்க. தெரியாம கொண்டு வந்துட்டேன்னு அழுதாலும் கேக்க மாட்டாங்க. நாங்க தங்குற கேம்ப்ல ஒரு ஆளு இருந்தான். லீவுக்குப் போனவனுக்கு பொண்டாட்டி மசாலாவோட வச்சுக் கட்டிக் குடுத்திருக்கா. ஏர்போர்ட்லயே புடிச்சுட்டாங்க. அப்புறம் அவன் ரூமுக்கு வரவே இல்ல. ரொம்ப நாள் ஜெயில்ல இருந்தான், அங்கிருந்தே ஊருக்கு அனுப்பிட்டாங்கன்னு கேள்வி."

மார்ஃபின் எந்தச் செடியிலிருந்து வருகிறது என்று பரீட்சை எழுதித் தேறியவள் பிலோமினா. அந்தச் செடியின் விதைதான் தன் வீட்டு மிக்ஸியில் ஞாயிறுதோறும் தேங்காயோடு அரைபடுகிறது என்பது ஒரு நாளும் மண்டையில் உறைத்ததில்லை. தன்னையறியாமல் இடது மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்தாள். குதிரை ஓட்டமாக ஓடியது.

"இப்ப நான் என்ன செய்யட்டும்?"

"எல்லாப் பெட்டியையும் தொறக்க மாட்டாங்க ஆன்ட்டி. ஆனா எக்ஸ்ரே உண்டு. நாய் உண்டு. நான் எப்படி உங்ககிட்ட போங்கன்னு சொல்லுவேன்?" ஏன் இவளிடம் பேச்சுக் கொடுத்தோம் என்று அவன் நினைப்பது போலவே இருந்தது.

கண்ணாடிக்கு வெளியே விமானம் நின்றது. அதன் வயிற்றுக்குள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெட்டியில் பிலோமினா அகஸ்டின் என்று பெயர் எழுதிய சீட்டு கட்டியிருக்கிறது. அதை இனி அவளால் தொட முடியாது. அவள் போய் இறங்கும்போது அதுவும் கூடவே அந்த ஊரில் இறங்கும்.

மறுபடியும் அகஸ்டினைக் கூப்பிட்டாள். அவர் இன்னும் டாக்ஸியில்தான் இருந்தார்.

"இங்க பாருங்க, அந்தக் கசகசா இருக்குல்லா, அதை அங்க கொண்டுபோகக் கூடாதாம். ஜெயில்ல போட்டுருவாங்களாம்."

"யாரு சொன்னா?"

"பக்கத்துல ஒரு தம்பி. அங்கேயே வேலை பாக்கிறவன்."

"நான்தானட்டி வாங்கிட்டு வந்தேன். நீ ஏறாத பிலோமி. என்ன ஆனாலும் சரி, ஏறாத." உடனே அவரே தடுமாறினார். "ஆனா பிள்ளைக்கு அங்க யாரு இருக்கா? நேத்துதான பிரஷர் கூடியிருக்குன்னு சொன்னா... அவகிட்ட ஒண்ணும் சொல்லிராத."

மைக்கேலைக் கூப்பிட்டாள். ஷிஃப்டில் இருந்தான் போலிருக்கிறது, மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அதற்குள் ஒலிபெருக்கி விமானத்தின் பெயரைச் சொல்ல, ஜனங்கள் எழுந்து வரிசை கட்டினார்கள்.

"கவுண்டர்ல சொல்றதா இருந்தா நான் கூட வரட்டுமா ஆன்ட்டி?" என்றான் ஐயப்பன்.

"வேண்டாம் தம்பி. நீ போ. என்னால உன் பிழைப்புக்கு ஒரு இடைஞ்சல் வந்துரக் கூடாது."

அவன் தயங்கித் தயங்கி வரிசையில் போய் நின்றான்.

ஏறிவிடலாமா? ஒன்றும் நடக்காமலே போகலாம். சாயங்காலம் மகள் வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருக்கலாம். அல்லது நிறைமாதக் கர்ப்பிணியான மகள் அம்மாவைத் தேடிப் போலீஸ் ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலையலாம். போதைப்பொருளோடு பிடிபட்டவளின் மகள் என்று ஆஸ்பத்திரியில் அவள் வேலையே போகலாம். அதை நினைத்த மாத்திரத்தில் பிலோமினாவின் கால்கள் கவுண்டரைப் பார்த்து நடந்தன.

கவுண்டரில் சின்னப் பெண் ஒருத்தி போர்டிங் பாஸ்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். பிலோமினாவுக்கு ஹிந்தி தண்ணீர்பட்ட பாடுதான். ஆனால் பயத்தில் வாய் குழறியது. "பேட்டி, மேரே பேக் மே ஏக் கலத் சீஸ் ஹை. உஸ்கோ பிளேன் மே நஹி ஜானா சாஹியே" என்றாள். மகளே, என் பையில் ஒரு தப்பான பொருள் இருக்கிறது, அது விமானத்தில் போகக் கூடாது.

அந்தப் பெண் சட்டென்று பிலோமினாவின் பாஸ்போர்ட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு போனை எடுத்தாள். வரிசை நின்றது. முன்னால் நின்றவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். துப்பாக்கி மாட்டிய காவல் படையினர் இரண்டு பேர் வேகமாக வருவதைப் பார்த்த பிறகுதான், தான் சொன்னது அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று அவளுக்குப் புரிந்தது.

"வெடிகுண்டு இல்லை, மசாலா! மசாலா!" என்று கத்தினாள். ஹிந்தியில் கத்துவதாகத்தான் நினைத்தாள். வாயில் வந்தது தமிழ்.

ஜன்னல் இல்லாத ஒரு அறைக்கு அழைத்துப் போனார்கள். கைப்பேசியை வாங்கி மேஜைமேல் கவிழ்த்து வைத்தார்கள். பெண் அதிகாரி ஒருத்தி எதிரே உட்கார்ந்தாள்.

"பெட்டியில் என்ன இருக்கிறது? யார் கொடுத்து அனுப்பினார்கள்?"

"யாரும் கொடுக்கவில்லை மேடம். என் வீட்டுக்காரர் கடையில் வாங்கியது. கஸ்கஸ்."

"கஸ்கஸ் என்றால்? நாங்கள் குழம்பில் அரைத்து ஊற்றுகிற கஸ்கஸா?"

"அதேதான் மேடம். துபாயில் அது போதைப்பொருளாம். எனக்கு இப்போதுதான் தெரிந்தது."

அதிகாரி சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. பெட்டியை இறக்கச் சொல்லி வயர்லெஸ்ஸில் பேசினாள். அது வரும் வரை பிலோமினா சுவரைப் பார்த்துக்கொண்டு ஜெபமாலை மந்திரங்களைச் சொன்னாள். பாதியில் மறந்துபோய் முதலிலிருந்து தொடங்கினாள். அதுவும் மறந்தது. இவர்களும் போதைப்பொருள் என்றே எழுதிவிட்டால் என்ன ஆகும்? சொசைட்டியில், மாதாகோவிலில் எந்த முகத்தோடு நடப்பது? பெட்டி வந்ததும் வாட்டசாட்டமான ஒரு நாய் அதைச் சுற்றி முகர்ந்துவிட்டுப் போனது. கருவாட்டுப் பக்கம் கொஞ்சம் அதிக நேரம் நின்றது.

பெட்டியைத் திறந்தார்கள். பொட்டலம் எங்கேயோ இடிபட்டுக் கிழிந்திருந்தது. பொடிப்பொடி விதைகள் சேலை மடிப்பில், மருந்துப் பொடி டப்பாவின் மூடியில், பிள்ளைக்கு வைத்திருந்த வெள்ளைத் துணிகளின்மேல் எல்லாம் மணல் தூவினது போல இறைந்து கிடந்தன. கையால் அள்ளக்கூட முடியாது. இதோடு அங்கே போய் இறங்கியிருந்தால்?

சுங்க அதிகாரி ஒருவரை வரவழைத்தார்கள். வயதானவர். விதைகளை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு அவளிடம் நிதானமாகச் சொன்னார்: "இங்கே இது மளிகைச் சாமான், அம்மா. ஆனால் நீங்கள் இறங்குகிற நாட்டின் சட்டம்தான் உங்கள் பெட்டியைத் திறந்து பார்க்கும். அங்கே போய்ச் சேர்ந்திருந்தால் எங்களால் ஒன்றுமே செய்திருக்க முடியாது. போவதற்கு முன்னால் ஒரு வார்த்தை விசாரித்திருக்க வேண்டும்."

அவள் கிழிந்த பொட்டலத்தை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் பெட்டியை மூடினாள்.

விமானம் போய்விட்டது. பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரையை ரத்து செய்து வெளியே அனுப்பினார்கள். பாதி வழியில் டாக்ஸியைத் திருப்பிக்கொண்டு வந்திருந்த அகஸ்டின் புறப்பாடு வாசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்ஸியில் ஏறி யமுனையைத் தாண்டும்போதுதான் பிலோமினாவுக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அகஸ்டின் அவள் கையைத் தன் மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை அவள் பால்கனியில் சேலைகளை உதறிக்கொண்டிருந்தபோது மைக்கேல் கூப்பிட்டான். பிரஷர் ஏறியதால் காத்திருக்காமல் ஆபரேஷன் செய்துவிட்டார்களாம். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். "அத்தை, அம்மா எங்க அம்மா எங்கன்னுதான் கேட்டுட்டே உள்ள போனா" என்றான். எத்தனையோ பெண்களை ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை கைபிடித்து அழைத்துப் போனவள் பிலோமினா. சொந்த மகள் போனபோது கை கொடுக்க அவள் இல்லை. பால்கனித் தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

அடுத்து டிக்கெட் கிடைத்த நாளில் கிளம்பினாள். புதுப் பெட்டி. மருந்துப் பொடி இல்லை, கருப்பட்டி இல்லை. தனக்குச் சில சேலைகள், பிள்ளைக்குப் புதிதாக வாங்கிய துணிகள். ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துத் தையல் தையலாகப் பார்த்தாள். செருப்பின் அடியைக்கூட ஊசியால் கீறிப் பார்த்தாள். அப்படியும் விமானத்தில் ஏறியதும், ஏதாவது ஒரு மடிப்பில் ஒரே ஒரு விதை ஒட்டியிருந்தால் என்று மனசு ஆரம்பித்துவிட்டது. கொடுத்த சாப்பாட்டை அவள் தொடவே இல்லை.

துபாயில் இறங்கிப் பெட்டியை உருட்டிக்கொண்டு போனபோது சுங்க அதிகாரி ஒருவர் கையைக் காட்டி ஓரமாக வரச் சொன்னார். பெட்டியைத் திறந்து சேலைகளை ஒதுக்கினார். குட்டிச் சட்டை ஒன்றை எடுத்து விரித்தார். அதன் மடிப்பிலிருந்து ஏதாவது உதிர்கிறதா என்று அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். காதில் ஒரு சத்தமும் விழவில்லை. அவர் ஏதோ கேட்டார். பதில் வராமல் போகவே, சட்டையை ஆட்டிக் காட்டி ஆங்கிலத்தில் மறுபடி கேட்டார், "பேரப் பிள்ளைக்கா?"

"ஆமாம்" என்று உதடு மட்டும் அசைந்தது.

"மப்ரூக்" என்று அரபியில் வாழ்த்திச் சட்டையை மடித்து வைத்துப் பெட்டியை மூடினார். அவள் பெட்டியின் பூட்டை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் வெளியே நின்ற மைக்கேலை நோக்கி நடந்தாள்.

வினோலியா படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நடந்ததை மைக்கேல் சொல்லியிருந்ததால் அம்மாவைக் கண்டதும் கோபம்தான் முதலில் வந்தது.

"ஏம்மா, கொண்டு வரட்டுமான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? புடிச்சிருந்தா நான் எங்கம்மா போவேன்?"

"கிடைக்கலன்னுதானட்டி சொன்ன. ஏன் கிடைக்கலன்னு சொல்லலியே."

வினோலியா அழுதாள். பிறகு பிள்ளையைத் தூக்கி அம்மா மடியில் போட்டாள்.

விசா முடியும் வரை இருந்து, பேத்திக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, மகளுக்கு அங்கேயே கிடைத்த சாமான்களில் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு பிலோமினா டெல்லிக்குத் திரும்பினாள். ஐயப்பனின் போன் நம்பரை வாங்கிக்கொள்ளவில்லையே என்பது அவளுக்குப் பெரிய குறை. தன்னைத் துப்பாக்கிக்காரர்கள் அழைத்துப் போனதைத்தான் அவன் கடைசியாகப் பார்த்தான். அதற்கப்புறம் என்ன ஆயிற்றோ என்று இன்னும் நினைத்துக்கொண்டிருப்பான்.

பயம் மட்டும் அவளை விடவில்லை. மயூர் விஹார் மெட்ரோவில் காய்கறிப் பையைச் சோதனை இயந்திரத்தின் வாய்க்குள் தள்ளும்போதெல்லாம் அதன் கைப்பிடியைக் கடைசி வரை விடுவதில்லை. திரையைப் பார்க்கிற காவலர் கொஞ்சம் குனிந்தால் போதும், கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது.

"வா பிலோமி, கீரையும் தக்காளியும்தான் இருக்கு" என்று அகஸ்டின் அந்தப் பக்கம் நின்று கூப்பிடுவார்.

"தெரியும், தெரியும்" என்பாள் அவள். பை வெளியே வந்து, அதைக் கையில் எடுத்த பிறகுதான் நகர்வாள்.